காய்ந்த கயிறும் மூன்றடித் தண்ணீரும்

பஞ்ச காலத்தில் தண்ணீர் பங்கிடுகிறவனுக்கு நல்ல பெயர் கிடைக்காது. கொடுத்த ஊர் மறந்துவிடும், கொடுக்காத ஊர் மறக்கவே மறக்காது. ஐம்பதுகளில் மழை பொய்த்த ஒரு கோடையில் ஓசூர்ப் பக்கம் ஓவர்சியராக இருந்தேன். என்னைப் போல் அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு இதெல்லாம் புரியும்.

முடிச்சுக் கணக்கு

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தண்ணீர் லாரி. ஊர்க் கிணற்றில் இரண்டடிக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால்தான் லாரி என்பது தாசில்தார் உத்தரவு. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கி, நனைந்த முடிச்சுகளை எண்ணுவேன்.

தேன்கனிக்கோட்டை சாலையில் ஒரு ஊர் மூன்று முறை மனுப் போட்டிருந்தது. முன்கூட்டிச் சொல்லி அனுப்பிவிட்டுப் போய் அளந்தால் மூன்றடி! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. லாரி கிடையாது என்று எழுதிவிட்டேன். ஜீப் டிரைவர் சாமண்ணா மட்டும் கிணற்று ராட்டினத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"எறைக்கிற கெணத்துல ராட்டினக் கயிறு எப்பிடி சார் இப்பிடிக் காஞ்சு கெடக்கும்?"

எதிரே வந்த குடங்கள்

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திரும்பும் வழியில், இரண்டு மைல் தள்ளி, அந்த ஊர்ப் பெண்கள் வரிசையாக எதிரே வந்தார்கள். குடத்தில் ஆற்று மணலைத் தோண்டி மொண்ட கலங்கல் தண்ணீர். கிணற்றில் மூன்றடி இருக்க ஏன் இந்தப் பாடு? உள்ளே ஏதாவது விழுந்து செத்ததா, சாமி குற்றமா? ஜீப்பை நிறுத்திக் கேட்டேன். முன்னால் வந்த முனியம்மா நிறைமாதக்காரி. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வர்றீங்கன்னு ரெண்டு நாளா யாரும் கெணத்துல கொடம் எறக்கலீங்க. தண்ணி ஊறட்டும்னு உட்டு வெச்சோம்."

ஊர் வழக்கம்

வற்றிய கிணற்றைக் காட்டினால்தானே அம்மா லாரி வரும் என்றேன். விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அந்தப் பக்கம் பெண் கொடுக்க வருகிறவர்கள் முதலில் ஊர்க் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்களாம். தண்ணீர் தெரியாவிட்டால் வந்த வழியே போய்விடுவார்களாம். அதனால் வெளியார் யார் வந்தாலும் தண்ணீரை ஊற விட்டு வைப்பது வழக்கம். ஊரையே பொய்யர் ஆக்கப் பார்த்தேனே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

எழுதியதைக் கிழித்துப் போட்டேன். நான்கு நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய் அளந்தேன். ஓரடிகூட இல்லை. அன்றே லாரி போனது. முனியம்மாவுக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் அதிகம்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வரக் கூடாதுங்களா? வெறுங்கெணத்தப் பாத்துட்டீங்களே!"

அதற்குப் பிறகு எந்த ஊருக்கும் நான் சொல்லிவிட்டுப் போனதில்லை, என் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோதுகூட.