மருதாணிக்குக் கீழே இருந்த புள்ளிகள்

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம். துபாயில் டிரைவர் வேலை பார்த்துவிட்டு நான் காரைக்காலுக்கு லீவில் வந்து இரண்டு மாதமாகியிருந்தது. வலது கண் சிவந்து மங்கியது. ஏ.சி.யிலேயே கிடந்த உடம்புக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். சொட்டு மருந்து போட்டும் தீரவில்லை. இடது கண்ணும் மங்கியது. வண்டி ஓட்டுகிறவனுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? ரொம்பவே பயந்துவிட்டேன்.

இதற்கிடையே உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புள்ளிகள். அரிப்புகூட இல்லை. "இது மேகச்சூடு மச்சான், உடம்புச் சூட்டுல வர்றது, கைய நீட்டுங்க" என்று என் மனைவி மருதாணி அரைத்து அப்பிவிட்டாள். புள்ளிகள் அந்தச் சிவப்பில் மறைந்துபோயின. நானும் அவற்றை மறந்துவிட்டேன்.

மனைவியையும் கூட்டிக்கொண்டு கண் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, என் கையைக் கவனித்தார்.

"ஆம்பளைக்கு எதுக்கு மருதாணி? கல்யாண வீடா?"

"மேகச்சூடுங்க. கையில காலுல புள்ளி புள்ளியா வந்துச்சு. அதான் வீட்டுல வச்சுவிட்டாங்க."

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, துபாயில் யாருடனாவது பழக்கம் உண்டா என்று கேட்டார். பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன். "கண்ணு வேணும்னா உண்மையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன்.

ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்று வந்தது. "இது கண்ணுநோய் மாதிரி வரும், அலர்ஜி மாதிரி வரும், நூறு வேஷம் போடும். உங்க வீட்டுல சொன்னதும் தப்பில்ல. இதுக்கு நம்ம பழைய பேரே மேகநோய்தான்" என்றார். என் மனைவி உடம்புச் சூட்டைத்தான் சொன்னாள். பெயரென்னவோ சரியாக விழுந்திருக்கிறது!

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஏற்றினார்கள். பார்வை திரும்பியது. மனைவியிடம் நானேதான் சொன்னேன். அவளுக்கும் சோதித்தார்கள், இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் அழவில்லை, திட்டவில்லை. "மருதாணி வைக்கக் கைய நீட்டுனீங்களே, அப்பக்கூடவா சொல்லத் தோணல?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தனை சொட்டு மருந்துக்கும் அடங்காத நோயை, ஒன்றுமறியாத அவள் கை வைத்த ஒரு பிடி மருதாணி காட்டிக்கொடுத்ததை நினைத்தால் இன்றும் பிரமிப்பாக இருக்கிறது. இப்போது தூரத்துப் போர்டெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் இருக்கிற அவள் முகத்தைத்தான் இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை.