வெள்ளிக்கிழமைச் சீட்டு

அந்த மாணவி முழங்காலை மடக்கி, கணக்கு நோட்டைத் தொடைமேல் வைத்து, கடைசிப் பக்கத்தில் பாதியைக் கிழிப்பாள். இரண்டாம் மணி அடிக்க நான்கு நிமிடம்தான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிச் சிற்றாலயத்தின் வாசலில் ஒரு மரப்பெட்டி வைப்பார்கள். வேண்டுதலை எழுதிப் போடலாம், பெயர் வேண்டியதில்லை. சிஸ்டர் ஒவ்வொன்றாக வாசிக்க, நானூறு மாணவிகளும் 'ஆமென்' சொல்வார்கள். கணக்கில் தேற வேண்டும், பாட்டியின் பல்வலி தீர வேண்டும், போட்டியன்று மழை வரக் கூடாது. இவற்றுக்கு நடுவே ஏழு ஆண்டுகளாக அவளுடைய ஒரு வரி வந்துகொண்டே இருந்தது: 'என் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.'

பெயர் இல்லாவிட்டால் என்ன, பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். சமையல்காரம்மாகூடக் கேட்பார், "என்ன பாப்பா, அண்ணன் வந்தாச்சா?"

"வழியில இருக்கான்க்கா" என்பாள், தட்டை நீட்டியபடி.

நான் இந்தப் பள்ளியின் நூலகர். சாமி விஷயத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. ஆனாலும் அவளுடைய முதல் சீட்டு எனக்கு மறக்கவில்லை. ஆறாம் வகுப்பு, முழுப் பக்கம். அண்ணனின் உயரம், இடது புருவத்துத் தழும்பு, போன அன்று போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் எழுதியிருந்தாள். சிஸ்டர் ஒன்று விடாமல் வாசித்தார். அப்புறம் ஏன் ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய் என்று போன வருடம் கேட்டேன். "இத்தன வருஷத்துல சாமிக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும் மிஸ்."

வீட்டில் வேறு சாமி. "அங்க அம்மா மனசுக்குள்ள சொல்றாங்க, இங்க நான் சொல்றேன். யார் காதுல முதல்ல விழுதோ விழட்டும்."

அம்மா மனசுக்குள் சொல்வதற்குக் காரணம் உண்டு. அப்பாவோடு வாய்த்தகராறு முற்றித்தான் அண்ணன் போனான். அன்றிலிருந்து அவன் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் அவன் நாற்காலியின்மேல் இஸ்திரி போடாத துணி குவிந்து கிடக்கிறதாம்.

பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் இவள் மற்றவர்களைவிட அரை வரி முன்னால் ஓடுவாள். நூலகத்தில் கதைப் புத்தகம் எடுத்தால் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவாள். "எல்லாரும் வீடு போய்ச் சேர்றாங்களான்னு பாத்துட்டுத்தான் மிஸ் படிப்பேன்."

நேற்று அவளுக்குக் கடைசி வெள்ளி. மற்றவர்கள் சட்டையில் கையெழுத்து வாங்கித் திரிந்தார்கள். இவள் என் மேசையருகே வந்து நின்றாள். "இந்த ஸ்கூல்ல எனக்கு ஷூ பிடிக்காது, மணி பிடிக்காது, உப்பில்லாத அந்தக் கஞ்சி சுத்தமாப் பிடிக்காது. ஆனா நானூறு பேர் சேந்து என் அண்ணனைக் கூப்பிடுறாங்கல்ல. காலேஜ்ல யாரு மிஸ் கூப்பிடுவா?"

எழுந்து, அவளைச் சிஸ்டரிடம் அழைத்துப் போனேன்.

அங்கே பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட சீட்டுகளின் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அத்தனையும் அதே வரி. "அடுத்த வருஷத்துக்கு வரும் சிஸ்டர். லீவு நாளெல்லாம் கழிச்சிட்டுத்தான் எழுதினேன்."

சிஸ்டர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டுதல் பலித்தால் நன்றிச் சீட்டு வாசிப்பதும் இங்கே வழக்கம். "அதையும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. அவன் வந்ததும் ஒரு போன் பண்ணு, நான் படிச்சிடறேன்."

எழுத வேண்டியிருக்கவில்லை. பென்சில் டப்பாவின் அடியிலிருந்து நன்றிச் சீட்டு ஒன்றை எடுத்தாள். ஆறாம் வகுப்பின் குண்டு குண்டு எழுத்து, மடிப்புகளில் இற்றுப்போன தாள். சிஸ்டர் கை நீட்டினார்.

"இது மட்டும் வேணாம் சிஸ்டர். நாங்க ரெண்டு பேரும் வந்து படிக்கிறோம்."

சீட்டை மறுபடி டப்பாவின் அடியில் வைத்து, மூடியை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி மூடினாள்.