தங்கச்சியின் கைச்சூடு

மாலையானால் அம்மாவின் முழங்கால்களுக்கு எண்ணெய் போட வேண்டும். அம்மா என்னுடன்தான் இருக்கிறார். சமைப்பது நான், உடுப்புத் தோய்ப்பது நான், ஒட்டுசுட்டானில் பஸ் பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவதும் நான். ஆனால் எண்ணெய்ப் போத்தலோடு நான் பக்கத்தில் போய் இருந்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்.

"உன்ரை கை என்ன பிள்ளை, குளத்து மீனைத் தொட்ட மாதிரிச் சில்லெண்டு கிடக்கு. சின்னவளைக் கூப்பிடு."

சின்னவள் என்பது என் தங்கச்சி. வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவளுடைய வீடு. வருவாள், கையை அப்படியே அம்மாவின் முழங்காலில் வைப்பாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பார். அந்த "அப்பாடா"வைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளைச் சத்தமாகக் கழுவுவேன்.

பொறாமைதான், வேறு பெயர் எதற்கு? அவள் வயிறு நிறையச் சோறு தின்பாள், உடம்பு கொடி மாதிரி இருக்கும். நான் அரை வயிற்றோடு எழும்பினாலும் சட்டை இறுகும். மார்கழி மழையில் நான் போர்வைக்குள் கிடக்க, அவள் வீட்டில் ஃபான் சுற்றும். ஊர்ச் சனம் அவளுடைய பெரிய கண்களை வடிவு என்று சொல்லும். என்னைப் பார்த்து, "என்ன, முகம் வீங்கிக் கிடக்கு, நித்திரை இல்லையோ?" என்று கேட்கும். எனக்கோ நித்திரைக்குக் குறைவே இல்லை. கதிரையில் இருந்தபடியே தூங்கிவிடுவேன்.

பிறகு அவளுடைய கழுத்து வீங்கத் தொடங்கியது. வெங்காயம் வெட்டும்போது கை நடுங்கியது. ஒருநாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு, "அக்கா, நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, பயமாக் கிடக்கு" என்றாள். எனக்கும் பயம் வந்துவிட்டது. அடுத்த நாளே கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே கிளினிக்கில் இருந்தவர் ஓர் இளம் பெண் டொக்டர். தங்கச்சியின் கழுத்து வீக்கத்தில் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற மருத்துவ மாணவிகளைக் கூப்பிட்டு அவர்களையும் கேட்க வைத்தார். உள்ளே ரத்தம் இரைந்து ஓடுகிற சத்தம் கேட்கிறதாம். அவர்கள் முகம் மலர்ந்து தலையாட்டினார்கள். நோய் வருத்தத்திலும் அவளைச் சுற்றித்தான் ஆள் கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் டொக்டர் என் முகத்தையும் காய்ந்த தோலையும் கவனித்தார். "அக்கா, நீங்களும் ரத்தம் சோதிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

அடுத்த முறை போனபோது முடிவு சொன்னார்கள். அவளுக்குத் தைரொயிட் சுரப்பு கூடுதல், எனக்குக் குறைவு. கூடப்பிறந்தவர்களுக்கு இப்படி எதிரெதிராக வருவதும் உண்டாம். எனக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"இவளின்ரை கை ஏன் டொக்டர் இப்பிடிச் சுடுது? என்ரை ஏன் குளிருது?"

டொக்டர் சிரிக்கவில்லை. சுரப்பு கூடினால் உடம்பே கூடுதலாகச் சூட்டை உண்டாக்கும் என்றார். அதோடு, ரத்தக் குழாய்களின் உட்சுவரில் நைட்ரிக் ஒக்சைட் என்றொரு வாயு கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறதாம். அது குழாயைத் தளர்த்தி விரிக்கும். சுரப்பு கூடும்போது அதுவும் கூடி, ரத்தம் விரல் நுனிவரை தாராளமாகப் பாயும். கழுத்துச் சுரப்பிக்குள்ளும் அது குழாய்களை விரிப்பதால்தான் அந்த இரைச்சலாம்.

"உங்களுக்கு அது குறைவு, குழாய் இறுகிக் கிடக்கு. குளிசை போட்டா மெல்ல மெல்லச் சரியாகும். தங்கச்சியின்ரை கையும் சாதாரணமாகிடும்."

எனக்கு நன்றாக விளங்கியது. குளத்துத் துருசு திறந்து தண்ணீர் பாய்ந்ததும் முதலில் நனைகிற வயல் அவள், வாய்க்காலின் கடைசி வயல் நான். பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு காலமும் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு. அது சரிவந்தால் எனக்கும் ஒரு "அப்பாடா" கிடைக்கும்.

விடிய எழும்பி வெறுவயிற்றில் குளிசையைப் போட்டுவிட்டு, தேத்தண்ணிக்காகப் பொறுமையாக இருந்தேன். ஒரு நாளும் தவறவிடவில்லை. தங்கச்சி தன்னுடைய குளிசையை மறந்துவிடுவாளோ என்று வேலிக்கு மேலால் சத்தம் போட்டுக் கேட்பேன். என் அக்கறையைப் பார்த்து அவள் கண் கலங்கினாள். அக்கறையும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மாதங்கள் போக அவளுக்கு நடுக்கம் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. என் முகத்து வீக்கம் வற்றியது. பங்குனி வெயில் கொளுத்தத் தொடங்கிய ஒரு மாலை, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலடியில் உட்கார்ந்து, முழங்காலில் கையை வைத்தேன். அம்மா கண்ணை மூடினார். நான் அந்த "அப்பாடா"வுக்காகக் காத்திருந்தேன்.

"என்ன பிள்ளை, உன்ரை கை இப்பிடிக் கொதிக்குது? இந்த வெக்கையிலை ஏலாது. சின்னவளைக் கூப்பிடு. அவளின்ரை கை இப்ப நல்ல குளிர்ச்சி."

வேலிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் போதும், ஓடி வருவாள்.

"அவள் வேலையா நிக்கிறாள் அம்மா. இண்டைக்கு நான்தான்" என்று சொல்லிவிட்டு மற்ற முழங்காலையும் பிடித்தேன். அம்மா ஏதோ முணுமுணுத்தார். ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.