வாயால் தட்டிய கதவு

நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காகத் திருவள்ளூரில் ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டைக் கவனிக்க, விக்டோரியா மட்டும் பாடத்தைக் கவனித்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கதவைத் தட்டு, தொடும் முன் கேள், வேண்டாம் என்றால் நிறுத்து, நடந்ததை நடந்தபடி எழுது. அவருக்கு இதெல்லாம் வேதவாக்கு.

கடம்பத்தூர் பக்கம் முனுசாமி வீட்டில் முதல் விதியே தடுக்கியது. பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுத்திருந்த அவருடைய அறைக்குக் கதவில்லை. பழைய சேலைதான் தொங்கியது. சேலையைத் தட்டினால் சத்தம் வருமா? விக்டோரியா யோசித்து, வாயாலேயே, “டொக் டொக்” என்றார்.

“யாரும்மா?”

“விக்டோரியா, ஐயா. உள்ள வரலாமா?”

விக்டோரியாவின் மாமனார் அந்த வீட்டு வயலில் கூலிக்கு நின்றவர், வாசற்படி தாண்டாதவர். மருமகளும் அதே வழக்கத்தில் நிற்பதாக நினைத்த முனுசாமி, சீர்திருத்தச் செம்மலாகிக் குரல் கொடுத்தார்: “அட, வாம்மா! அதெல்லாம் இப்ப யாரு பாக்குறா!”

“அதுக்கு நிக்கல ஐயா. யார் ஊடா இருந்தாலும் கேட்டுக்கினுதான் வரணும். ரூல்சு.”

பெருந்தன்மை பாதி வழியில் தொங்கியது.

“முதுகு செவந்துகீதுன்னு உங்க மருமக சொன்னாங்க. திருப்பிப் படுக்க வைக்கணும். தொடலாமா?”

முனுசாமி விழித்தார். மகனும் மருமகள் திலகவதியும் கேட்காமலே புரட்டுவார்கள். நெல் மூட்டைக்கு உண்டான மரியாதை. சோதித்துப் பார்க்க ஆசை வந்ததுபோல,

“வேணாம்” என்றார்.

விக்டோரியா கையை எடுத்துக்கொண்டு, நோட்டில் ‘மறுத்தார்’ என்று எழுதினார்.

“நெசமா எழுதிட்டியா? படி.”

படித்தார். கிழவர் முகம் மலர்ந்தது. ருசி கண்டவர், மறுநாளும் “வேணாம்.”

விக்டோரியாவுக்குச் சோறு இறங்கவில்லை. புண்ணானால் தன் பொறுப்பு. இழுத்துத் திருப்பினாலும் தன் பொறுப்பு. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வெல்டரான கணவர் இம்மானுவேல் தீர்ப்புச் சொன்னார்: “அவரே வேணான்றாரு. உனக்கு இன்னா பேஜாரு?”

மூன்றாம் நாள் விக்டோரியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வேணாம்னா வேணாந்தான் ஐயா. ஆனா இன்னா ஆவும்னு சொல்றது என் வேல. நாத்தங்கால்ல தண்ணி நின்னுக்கினே இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“வடிச்சி உடுவேன். இல்லன்னா அழுகிப்பூடுமே.”

“முதுகும் அப்டித்தான்.”

ஆறு ஏக்கர் விவசாயி தன் வாயால் சொன்னதை எப்படி மறுப்பார்?

“செரி. எடது பக்கமா திருப்பு. மெதுவா.”

இரண்டே வாரத்தில் சிவப்பு மறைந்தது. இப்போது திலகவதியும் டீயோடு சேலைக்கு வெளியே நின்று, “டொக் டொக், மாமா” என்கிறாள்.

“வேணாம்!” என்று ஒருநாள் அதட்டிவிட்டு, முனுசாமி விக்டோரியாவைப் பார்த்தார். “எழுது.”

‘டீ மறுத்தார்’ என்று விக்டோரியா எழுதினார். மூன்று நிமிடம் கழித்து, கடமை தவறாமல் கீழே இன்னொரு வரி: ‘குடித்தார். சர்க்கரை கம்மி என்று புகார்.’