டாக்டர் வீட்டு ஆம்லெட்

அந்த மாட்டு டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அறுபதுகளில் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் அவருக்குக் கீழே நான் கம்பவுண்டர். சினை ஊசி போடுவது என் வேலை. காளையிடம் எடுத்த விந்தை முட்டை மஞ்சள் கருவில் கலந்து, ஐஸ் பிளாஸ்கில் குளிரவைத்து, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு லைன் லைனாகச் சைக்கிளில் கொண்டுபோவேன். மஞ்சள் கரு இல்லாவிட்டால் குளிரில் உயிரணுக்கள் செத்துவிடும். அதுவும் புது முட்டையாக இருக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அந்த மனுஷன்தான்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் புது முட்டை நேரே அவர் வீட்டு அடுப்படிக்குப் போகும். அங்கே கிடந்து பழசானது எனக்கு வரும். கேட்டால், "வைட்டமின் சி கொஞ்சம் போட்டுக்கோய்யா. வாழைப்பூ கறுக்காம மோர்ல போடறோமில்ல, அந்த மாதிரி. கொழுப்பு சிக்கு வாடை அடிக்காது" என்பார். மருந்தைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. நல்லதைக் கெடாமல் வைத்திருக்கும். ஏற்கெனவே கெட்டதை அது என்ன செய்யும்? புளிப்பு வேறு, கை கொஞ்சம் தாராளமானால் அதுவே கொன்றுவிடும்.

மாரிகுப்பத்தில் ஒரு பால்காரம்மா இருந்தாள். ஒரே மாடு. புருஷன் சுரங்கத்தில் நெஞ்சு கெட்டு, ஷிப்டுக்குப் போக முடியாமல் படுத்துவிட்டான். இரண்டு தடவை ஊசி போட்டும் மாடு சினை பிடிக்கவில்லை. வற்றிக்கொண்டிருந்த பாலையும் அவள் டாக்டர் வீட்டுக்குத்தான் ஊற்றினாள்.

"இந்த தபாவும் நிக்கலன்னா கறிக்குத்தான் குடுக்கணும்ணா" என்று என்னிடம் அழுதாள்.

மறுபடி மாடு பருவத்துக்கு வந்து கத்துகிறது என்று ஒரு காலையில் ஓடிவந்தாள். பிளாஸ்கில் இருந்த விந்தில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கண்ணாடியைச் சூடாக்கிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. டாக்டரின் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னேன்.

"குளிர்ல தூங்குதுய்யா. மாட்டுக்குள்ள போனா முழிச்சுக்கும்."

"செத்தது எப்படி சார் முழிக்கும்? புது முட்டை ஒண்ணு குடுங்க, காளைகிட்ட இப்பவே எடுத்துக் கலந்துடலாம்."

"வீட்ல விருந்தாளிங்க. இப்ப காளைகிட்டல்லாம் வந்து நிக்க முடியாது. சொன்னதச் செய்."

நான் செய்யவில்லை. செத்ததை எத்தனை தடவை அந்த மாட்டுக்குள் விடுவது? அவளிடம் முட்டைக் கதை முழுவதையும் போட்டு உடைத்தேன். அவள் பால் சொம்போடு நேரே அவர் வீட்டுக்குள் நுழைந்தாள். நானும் பின்னால் போனேன். விருந்தாளிகள் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுகளைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இன்னா டாக்டரய்யா, என் மாட்டோட கன்னு உங்க வயித்துலதான் வளருதா?"

அவர் எழுந்து, அவளை விட்டுவிட்டு என்னை ஏசினார்.

அந்த வாரமே மாட்டைக் கறிக்கடைக்காரன் ஓட்டிக்கொண்டு போனான். பால் நின்றது. "வேற பால்காரியப் பாருய்யா" என்றார் டாக்டர். நான் பார்க்கவில்லை. அவர் வரக்காப்பி குடித்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அவள் வீட்டில் அந்தக் காப்பிக்கும் வழியில்லை.