ஒரு பெட்டி சேலையோடு திமிங்கலம் பார்க்கப் போனது

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதே, எங்காவது போகலாம் என்று என் கணவர் மோகன் கேட்டபோது, யோசிக்காமல் "திமிங்கலம் பார்க்கணும்" என்றேன். பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. திமிங்கலம் மீன் அல்ல, பாலூட்டி, நுரையீரலால் சுவாசிக்கிறது என்று வருஷாவருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பார்த்ததோ பாடப்புத்தகத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு படம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பல் ஒன்று இருக்கிறது. நான்கு இரவு, ஐந்து பகல். ஜன்னல் இல்லாத அறையில் இரண்டு பேருக்கு, வரிகள் சேர்த்து, தொண்ணூற்று இரண்டாயிரம் ரூபாய். போன ஆடி மாதத்தில் போனோம். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகள் காற்று வாங்கும். எங்களுக்கும் சன்னதித் தெருவில் சின்னதாக ஒரு கடை. அதனால்தான் அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன். நினைப்புதான்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் எழுபத்தைந்து கிலோமீட்டர். காரில் இரண்டரை மணி நேரம். பகல் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், வரிசை நீளம். பரிசோதனை எல்லாம் முடிந்து அறைக்குள் போய்ப் பெரிய பெட்டியைத் திறந்தேன். நான் அடுக்கி வைத்த துணி பாதியைக் காணோம். மருந்துப் பையைக் காணோம். அந்த இடத்தில் பதினோரு பட்டுச் சேலைகள், பிளாஸ்டிக் உறை போட்டு.

"இன்னாங்க இது?"

"ஆடி மாசம் சும்மாதானே கிடக்குது? கப்பல்ல ஆயிரம் பேர் வராங்கமா. எல்லாம் காசு இருக்கிறவங்க."

"வாந்தி மாத்திரை எங்க?"

"கப்பல்ல வாங்கிக்கலாம்."

கப்பலில் மாத்திரை கிடைத்தது. இரண்டு நாளைக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். அதை அவர் முதல் நாளே முழுங்கித் தீர்த்துவிட்டார்.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல்தான். நான் மேல்தளத்தில் காலையிலிருந்து டால்பின் தெரிகிறதா என்று கண் பூத்துப்போக நின்றேன். ஒன்றும் இல்லை. வெயில் தாங்காமல் அறைக்கு வந்தால், கட்டிலில் சேலைகளை விரித்துப் போட்டு நான்கு பெண்களுக்குக் கோர்வை, அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கிற வேலை, எப்படி என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். உட்கார எனக்கு இடமில்லை. சாயங்காலம் வரவேற்பறைப் பெண் என்னைக் கூப்பிட்டு, கப்பலில் பயணிகள் வியாபாரம் செய்யக் கூடாது என்று சிரித்த முகத்தோடு எச்சரித்தாள். என்னைத்தான் எச்சரித்தாள், கவனியுங்கள்.

மூன்றாம் நாள் அம்பாந்தோட்டை. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்த ஆமைக் காப்பகச் சுற்றுலா, ஒரு மணி நேரப் பயணம். வேன் முதலில் நின்றது ரத்தினக்கல் கடையில். என் கணவர் இறங்கும்போதே என் காதில், "டிரைவருக்கு இங்க கமிஷன் இருக்குது பாரு. நம்மூர் ஆட்டோக்காரங்க கோயில் பாக்க வரவங்கள நம்ம கடையில இறக்கி வுடறாங்கல்ல, அதே" என்றார். புரிந்துவிட்டது, சரி, சீக்கிரம் கிளம்பலாம் அல்லவா? மாட்டார். கடை முதலாளியோடு உட்கார்ந்துகொண்டு எத்தனை சதவீதம், மழைக்காலத்தில் எப்படி என்று தொழில் பேச ஆரம்பித்துவிட்டார். தேநீர் வந்தது. மற்ற பயணிகள் வேனில் ஏறி உட்கார்ந்து என்னை முறைத்தார்கள்.

காப்பகத்தில் எங்களுக்கு மிஞ்சியது கால் மணி நேரம். சிமெண்டுத் தொட்டிகளில் ஆமைகள். வலையில் மாட்டி ஒரு துடுப்பை இழந்த பெரிய ஆமை ஒன்று தொட்டியை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. குஞ்சுகளை ஆளாளுக்குக் கையில் எடுத்துப் படம் பிடித்தார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. திரும்பும் வழியில் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

நான்காம் நாள் திருகோணமலை. நான் வந்ததே இதற்குத்தான். கப்பலின் சுற்றுலா விலை அதிகமாக இருந்ததால் கரையில் ரியாஸ் என்ற படகோட்டியிடம் முன்பே பேசி வைத்திருந்தேன். துறைமுகத்திலிருந்து ஆட்டோவில் சுமார் எட்டு கிலோமீட்டர், கடற்கரையில் படகு. ஏழேகாலுக்குப் புறப்பட்டால் பத்தரைக்குக் கரை. கப்பலில் ஒன்றரை மணிக்குள் ஏறியாக வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது. எங்கள் பாஸ்போர்ட்டும் கப்பலில்தான்.

படகில் ஏறிய பிறகுதான் அவர் கையில் பையைப் பார்த்தேன். உள்ளே மூன்று சேலை. "இங்க ஒரு துணிக்கடை இருக்குதாம், திரும்பி வரச்சொல்ல காட்டிட்டு வந்துடலாம்" என்றார். நான் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

எங்களோடு அதே கப்பலில் வந்த கோயம்புத்தூர் இளம் தம்பதி ஒன்று. அரை மணி நேரத்தில் என் கணவர் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். மாத்திரை இல்லையே. ஒன்பது மணிக்கு மேல் தூரத்தில் வெள்ளையாகப் புகைபோல ஒன்று எழுந்தது. அவ்வளவுதான், ஏழெட்டுப் படகுகள் எஞ்சின் அலற அதை நோக்கிப் பாய்ந்தன. எங்கள் படகும்தான். சுற்றி வளைத்ததும் அது உள்ளே போய்விட்டது. வேறிடத்தில் எழுந்தது. மறுபடி துரத்தல். மூச்சு வாங்க மேலே வருகிற ஒரு உயிரை மூச்சு வாங்க விடாமல் அடிக்கிறோம்.

"தம்பி, துரத்த வேணாம்பா. நிறுத்துங்க" என்றேன்.

"கிட்டப் போகாட்டி ஆக்கள் குறை சொல்றாங்க அக்கா" என்றார் ரியாஸ்.

கோயம்புத்தூர்க்காரர், "நாங்களும் காசு கொடுத்துத்தானுங்க வந்திருக்கோம்" என்றார்.

படகின் தரையில் சுருண்டு கிடந்த என் கணவர் தலையைத் தூக்கினார். "தெருவுல பின்னாடியே ஓடினா எந்த கஸ்டமர்பா கடைக்கு வருவான்? ஆஃப் பண்ணுபா." ஐந்து நாளில் அவர் என் பக்கம் பேசியது அப்போதுதான்.

ரியாஸ் எஞ்சினை நிறுத்தினார். மற்ற படகுகள் தெற்கே போய்விட்டன. அமைதி. கால் மணி நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. சரி, போகலாம் என்று ரியாஸ் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமியது. மறுபடி இழுத்தார். இருமக்கூட இல்லை.

ரியாஸின் போனில் சிக்னல் இல்லை. பத்து மணி. பத்தரை. கோயம்புத்தூர்ப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. நிறுத்தச் சொன்னது நான்தானே. கப்பலைத் தவறவிட்டால் பாஸ்போர்ட் இல்லாமல் அந்நிய நாட்டில் என்ன செய்வது?

அப்போது வடக்கே ஒரு மீன்பிடிப் படகு புள்ளியாகத் தெரிந்தது. கத்தினோம், கேட்கவில்லை. என் கணவர் தள்ளாடி எழுந்து பையைப் பிரித்து, இருப்பதிலேயே விலை கூடிய அரக்குச் சேலையை உதறினார். பின்பலகையில் ஏறி நின்று அதைத் தலைக்கு மேல் வீச ஆரம்பித்தார். வெயிலில் ஜரிகை பளீரென்று அடித்தது.

எனக்குப் பின்னால் லாரி ஏர் பிரேக் விட்டதுபோல ஒரு சத்தம். திரும்பினேன். படகிலிருந்து முப்பதடி இருக்கும். நீலமும் சாம்பலும் கலந்த முதுகு நீரைப் பிளந்து வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. கடைசியில் சின்னதாக ஒரு துடுப்பு. விட்ட மூச்சின் ஈரம் எங்கள்மேல் படிந்தது, அழுகிய மீன் நாற்றத்தோடு. கோயம்புத்தூர்ப் பெண் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இங்க திரும்புங்க" என்றேன்.

"இரு, அவன் பாத்துட்டான். இப்ப வுட்டா போயிடுவான்."

"ஒரே ஒரு நிமிஷம் திரும்புங்களேன்."

அவர் திரும்பவில்லை. சேலையை வீசிக்கொண்டே இருந்தார். திமிங்கலம் இன்னும் இரண்டு முறை மூச்சு விட்டது. பிறகு சாய்ந்து அடியில் போனது. வாலைக் காட்டவில்லை. அது இருந்த இடத்தில் நீர் மட்டும் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கிடந்தது. அவர் திரும்பிப் பார்த்தபோது அதைத்தான் பார்த்தார்.

மீன்பிடிப் படகு எங்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்த்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஆட்டோவில் பறந்து, ஒன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏறினோம். உப்புத் தண்ணீரில் நனைந்த அந்தச் சேலையை இனி யாரும் வாங்கப் போவதில்லை. அவரோ ராத்திரிச் சாப்பாட்டில், "எம்மாம் பெருசு இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஊர் வந்து சேருவதற்குள் இன்னும் மூன்று முறை சொல்ல வைத்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு: மாத்திரை, தொப்பி, குடிநீர் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். தனிப் படகு எடுத்தால் கப்பல் நேரத்துக்கு முன் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துரத்த மாட்டேன் என்று சொல்லும் படகோட்டியையும், எஞ்சின் நன்றாக இருக்கும் படகையும் ஒன்றாகத் தேடுங்கள். ஆமைக் காப்பகத்துக்குப் போனால் குஞ்சுகளைக் கையில் எடுக்காதீர்கள். பெட்டியை நீங்களே பூட்டிச் சாவியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணி பிறந்து கடையில் கூட்டம் வர ஆரம்பித்த ஒரு சனிக்கிழமை, பள்ளி விட்டு நேராகக் கடைக்குப் போனேன். கல்யாணச் சேலை எடுக்க வேலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. என் கணவர் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"அப்டியே என் கண்ணு முன்னாடி எழுந்துச்சும்மா. வாலைத் தூக்கித் தண்ணியில ஓங்கி ஒரு அடி அடிச்சுது பாருங்க."

வகுப்பில் ஒரு சொல் தப்பாக வந்தாலும் நிறுத்தித் திருத்துகிறவள் நான். அந்த அம்மா நம்பாமல் என் பக்கம் திரும்பி, "நெஜமாவாம்மா?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன். "நாங்க ரெண்டு பேரும் தொப்பலா நனைஞ்சுட்டோம்."