செங்கோடன் காட்டிய இடம்

துடியலூர் தியேட்டரில் டார்ச் அடித்து ஆட்களை உட்கார வைக்கிற செங்கோடனுக்குத் தன் வேலையைப் பற்றி இருந்த பெருமை, கலெக்டருக்குக்கூட இருக்குமா என்பது சந்தேகம். முப்பத்தோரு வருடமாக அவர் கை காட்டிய இடத்தில்தான் ஊர் உட்கார்ந்தது. நம்பர் என்ற பேச்சே கிடையாது. உயரமானவருக்குக் கடைசி வரிசை, கைக்குழந்தையோடு வருகிறவளுக்குக் கதவோரம். சம்பந்தம் பேசி முறிந்த இரண்டு வீடுகள் ஒரே ஆட்டத்துக்கு வந்துவிட்டால், ஆளுக்கு ஒரு மூலை.

இதில் அவருடைய பெரிய சாதனை நாச்சிமுத்துவும் பாலுசாமியும். அண்ணன் தம்பிகள். பொதுக் கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்கிற தகராறில் பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. சினிமாவை மட்டும் இருவராலும் விட முடியவில்லை. செங்கோடன் அண்ணனை மாடிக்கு ஏற்றுவார், தம்பியைக் கீழே முன்வரிசையில் அமுக்குவார். இடைவேளையில் டீ குடிக்கப் போவதற்குக்கூட ஆளுக்கொரு வாசல் காட்டிவிடுவார்.

போன வருடம் அந்தத் தியேட்டரை மூன்றாகத் தடுத்தார்கள். மூன்று சின்னத் திரை, சாய்கிற நாற்காலி, போனிலேயே டிக்கெட். முதலாளியின் மகன் உதய் நிர்வாகத்துக்கு வந்தார். நம்பர் பார்த்து உட்கார வைக்கச் சொன்னார். செங்கோடன் கேட்டால்தானே. யாராவது போனை நீட்டினால், "அது கெடக்குட்டுங்க, உங்க உசரத்துக்கு இப்பிடி வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு புகார் வந்துவிட்டது.

"செங்கோடண்ணா, மூணாவது ஒண்ணு வந்தா என்னால காப்பாத்த முடியாதுங்க" என்றார் உதய்.

"இனி நம்பர் பாத்தே உக்கார வெச்சுப்போடறனுங்க, தம்பி."

அறுபது வயதில் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? செங்கோடன் உண்மையாகவே பயந்துபோனார்.

மறுநாள் மேட்னிக்கு நாச்சிமுத்து வந்தார். எஃப் வரிசை, ஆறாம் நம்பர். படம் தொடங்கிய பிறகு பாலுசாமி வந்து போனை நீட்டினார். எஃப் வரிசை, ஏழாம் நம்பர். செங்கோடன் அந்த நம்பரை இரண்டு முறை படித்துப் பார்த்தார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏழாம் நம்பர் மேல் டார்ச் அடித்தார்.

ஹாலில் பாதி காலி. ஆனாலும் எழுந்து போனவர் தோற்றவர் ஆகிவிடுவார் என்று இருவருமே அசையவில்லை. செங்கோடன் கதவோரம் நின்றபடி திரையைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் இருவரும் ஒன்றாகவே வெளியே வந்து புகார் நோட்டைக் கேட்டார்கள்.

"கண்ணாடி கொண்டாரல. நீயே எழுதுடா" என்றார் நாச்சிமுத்து. பதினோரு வருடத்தில் அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

அண்ணன் சொல்லச் சொல்லத் தம்பி எழுதினார். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். உதய் வாங்கிப் படித்தார்: 'இந்த ஆள் முன்போல முகம் பார்த்து உட்கார வைப்பதில்லை. நம்பர் பார்த்து உட்கார வைக்கிறார்.'

உதயால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நம்பர் பாக்கறீங்கன்னு புகாருங்கண்ணா. இதுக்கெல்லாம் வேலை போகாது, போங்க."

செங்கோடன் போகவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளே பார்த்தார். அவ்வளவு காலி நாற்காலி இருந்தும் இருவரும் திரும்ப ஆறிலும் ஏழிலுமே உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இத்தன வருசமா இவங்களத் தள்ளித் தள்ளி உக்கார வெச்சது நாந்தானுங்களே, தம்பி" என்றார்.